முதல் விளக்கு யார் கையில்

கள்ளக்குறிச்சியை விட்டுக் கச்சிராயபாளையம் போகும் சாலையில் இருந்த ஞானச்சுடர் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் எல்லாம் உண்டு, நோயாளி மட்டும் கிடையாது. பள்ளியை ஒட்டி ஒரு மருத்துவமனை இருந்தது. கட்டில்கள் இருந்தன, வெள்ளை விரிப்புகள் இருந்தன, டாக்டர் பெயர் எழுதிய பலகைகூட இருந்தது. ஆய்வு நடக்கும் நாட்களில் அந்த டாக்டரும் சேலத்திலிருந்து வருவார். நோயாளிகளை உள்ளே விடுவதில்லை என்பது முதல்வர் ராஜாம்பாளின் முடிவு. அவர்கள் வந்தால் விரிப்பு கசங்குகிறது, தரை அழுக்காகிறது, மாணவிகளின் கவனம் படிப்பிலிருந்து சிதறுகிறது.

"ஒரு நர்ஸுக்கு முதல் எதிரி யாரு?" என்று முதல் வகுப்பிலேயே ராஜாம்பாள் கேட்பார்.

கிருமி என்று சொன்ன பெண் வகுப்பு முடியும்வரை வெளியே நிற்க வேண்டியதாயிற்று. கறை என்பதுதான் சரியான விடை.

காசியம்மாள் தியாகதுருகம் பக்கம் கரும்பு போடுகிற குடும்பத்துப் பெண். சின்ன வயதில் அவள் ஊருக்குத் தடுப்பூசி போட ஒரு நர்ஸம்மா வந்தபோது ஊர்ப் பெரியதனக்காரரே நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தார். அன்றைக்கே தானும் நர்ஸ் ஆவதென்று காசியம்மாள் முடிவு கட்டிவிட்டாள். ஊசியைப் பற்றி அவளுக்கு அப்போது பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை. நாற்காலிதான் மனதில் நின்றது.

பள்ளியில் சேர்ந்த பிறகுதான் நர்ஸுக்கு நாற்காலி கிடையாது என்பது தெரிந்தது. முதல் ஆறு மாதம் நிற்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். டாக்டர் வரும்போது நிற்பது, போகும்போது நிற்பது, வராத டாக்டரை வந்ததாகப் பாவித்து நிற்பது. கால் வீங்கிப் போய் விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுவாள். அழுது முடித்து, 'இங்கு நலம், ஊசி போடப் பழகிக்கொண்டிருக்கிறோம்' என்று வீட்டுக்குக் கடிதம் எழுதுவாள். ஊசிக்குழல் கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதை ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையில் வந்து பார்க்கலாம். அலமாரிச் சாவி தாளாளர் தனசேகரனின் இடுப்பில் இருந்தது.

நின்று பழகிய பிறகு விரிப்பு விரிக்கும் பாடம் வந்தது. அதற்குப் பிறகு தொப்பி குத்தும் பாடம். தொப்பிப் பாடம் ஒரு பருவம் முழுக்க நடந்தது. காசியம்மாளுக்கு முடி மெல்லிசு. எத்தனை ஊக்கு குத்தினாலும் அவள் தொப்பி மத்தியானத்துக்குள் காது பக்கம் இறங்கிவிடும். அவளுக்குப் பக்கத்தில் நின்ற சுபலட்சுமியின் தொப்பியோ, பிறக்கும்போதே தலையோடு வந்தது மாதிரி அசையாமல் இருக்கும்.

காசியம்மாளின் எல்லாத் துயரத்துக்கும் சுபலட்சுமி என்றுதான் பெயர். சின்னசேலத்தில் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ஆள் உயரம், நல்ல நிறம். இங்கிலீஷில் தும்மினால்கூட இங்கிலீஷிலேயே மன்னிப்புக் கேட்பாள். மாதா மாதம் அவள் அம்மா முறுக்கு டின்னோடு வருவார். சுபலட்சுமி அதை அறை முழுக்கப் பங்கு வைத்துக் கொடுத்துவிடுவாள். அவள் மட்டும் ஒளித்து வைத்துத் தின்கிறவளாக இருந்திருந்தால் காசியம்மாள் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். அதற்கும் வழி இல்லாமல் போயிற்று. முறுக்கைத் தின்றுகொண்டே வயிறு எரிந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் விளக்கேற்றும் விழா வந்தது. மாணவிகள் வெள்ளைப் புடவையில் விளக்கேந்தி வந்து சேவை செய்வதாக உறுதிமொழி எடுக்கிற விழா. இது எல்லா நர்ஸ் பள்ளிகளிலும் உண்டு. ஞானச்சுடரில் கூடுதலாக முதல் விளக்கு என்று ஒன்று இருந்தது. தாளாளர் கும்பகோணத்தில் சொல்லிச் செய்த பித்தளை விளக்கு, நல்ல கனம். அதை ஏந்துகிறவளின் படம் வரவேற்பறையில் மாட்டப்படும். படிப்பு முடிந்ததும் அவளுக்கு அங்கேயே வேலை. விதி ஒன்றே ஒன்றுதான். விளக்கை வாங்கியவள் அதைச் சிறப்பு விருந்தினரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். நடுவில் கீழே வைத்தால் வரிசையில் அடுத்து நிற்பவளுக்குப் போய்விடும்.

அது எண்பத்தேழாம் வருஷம். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. டீக்கடையில், பஸ்ஸில், கரும்பு வண்டியில் எங்கும் அதே பேச்சு. யாருக்கு எத்தனை இடம், யாருக்கு ஜாஸ்தி, யாருக்குக் கம்மி. தாளாளருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. தகுதி இருக்கிறவன் மேலே வரட்டும், பங்கு கேட்பது என்ன பழக்கம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் நொந்துகொண்டார். முதல் விளக்கு ஏந்துபவரைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைத்தார். அதில் அவரும், அவர் மகனும் பள்ளியின் செயலாளருமான சிவசங்கரும், அவர் மனைவியின் அக்காவான முதல்வர் ராஜாம்பாளும் இருந்தார்கள். குழு ஒரு நாள் முழுக்கக் கூடி ஆராய்ந்தது. நிறத்துக்குப் பாதி, உயரத்துக்குக் கால், இங்கிலீஷில் நன்றி சொல்வதற்கு மீதி என்று தகுதியைப் பிரித்தார்கள். படிப்புக்கு ஏதாவது ஒதுக்க வேண்டாமா என்று சிவசங்கர் கேட்டாராம். பங்கெல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம்.

சுபலட்சுமி தேர்வானாள், அன்றைக்கே அவள் கையில் விளக்கைக் கொடுத்து ஒத்திகையும் தொடங்கினார்கள். காசியம்மாளுக்கு இரண்டாவது இடம், அதாவது மண் அகல். அன்றைக்கு விடுதியில் அவளுக்குப் பிடித்த கத்திரிக்காய்க் குழம்பு. ஒரு வாய்கூட இறங்கவில்லை. எதிரே சுபலட்சுமி எல்லாருக்கும் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி பிடித்த அந்தக் கையையே காசியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்கப் பசி வந்துவிட்டது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் முதல்வர் அறை வாசலில் போய் நின்றாள்.

"மேடம், ஒண்ணு சொல்லணுங்க. சொல்லாம வுட்டா பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேரு வந்துடுமோன்னு பயமா இருக்குதுங்க."

"என்ன?"

"சுபா பீச்சாங்கைக்காரிங்க. எழுதறது, பரிமார்றது, எல்லாம் அந்தக் கைலதாங்க."

ராஜாம்பாள் மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஓர் இடதுகைக்காரி இரண்டு வருஷமாகப் பள்ளிக்குள் நடமாடியிருக்கிறாள், ஓர் ஆய்விலும் அது வெளியே வரவில்லை.

"வெளக்கையுமா?"

"வெளக்கைச் சோத்தாங்கைலதான் புடிக்கறா. ஆனா திரி தூண்டறது எந்தக் கைன்னு பாருங்க மேடம். நான் கோள் சொல்றன்னு நெனைக்காதீங்க."

குழு மறுபடி கூடியது. விளக்கு காசியம்மாளுக்கு வந்தது. சுபலட்சுமி அழுவாள், அழும்போது எப்படி ஆறுதல் சொல்வது என்று காசியம்மாள் இரவெல்லாம் வசனம் யோசித்து வைத்திருந்தாள். சுபலட்சுமி விளக்கை நீட்டி, "அப்பாடா, எனக்குக் கை வுட்டுப் போச்சுடி. நீயே புடி" என்று சொல்லிவிட்டு அகலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இழந்தவள் அழாவிட்டால் ஜெயித்தவளுக்கு என்ன மிச்சம்? காசியம்மாளுக்கு முன்பைவிட அதிகமாக எரிந்தது.

விழா அன்றே ஆய்வும் நடக்கும் என்று தகவல் வந்தது. சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், அவரேதான் சிறப்பு விருந்தினர், அவர் கையெழுத்துப் போட்டால்தான் பள்ளிக்கு அங்கீகாரம் தொடரும். ஆகவே நோயாளிகள் தேவைப்பட்டார்கள். வழக்கம்போல சிவசங்கர் வேன் எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போய் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஆட்களைச் சாப்பாடும் கூலியும் பேசி அழைத்து வந்தார். சாமை அறுப்புக்கு இன்னும் நாள் இருந்ததால் ஆள் கிடைப்பதில் கஷ்டம் இல்லை.

வந்தவர்களில் வெள்ளையன் அனுபவசாலி. எல்லா ஆய்வுக்கும் நோயாளியாக இருந்தவர்.

"போன தபா டைபாய்டு குடுத்தீங்க. இந்தத் தபா இன்னா நோவுங்க?" என்று கட்டிலில் ஏறிக்கொண்டே கேட்டார்.

"டைபாய்டே இருக்கட்டும், உனக்குப் பழகிடுச்சு" என்றார் ராஜாம்பாள்.

இந்த முறை வெள்ளையன் தன் மனைவி மாரியையும் அழைத்து வந்திருந்தார். மாரி நிறைமாசம். ராஜாம்பாளுக்குத் தலைகால் புரியவில்லை. பிரசவ வார்டில் அதுவரை தலையணையைக் கட்டிக்கொண்டுதான் ஆட்கள் படுத்தார்கள். நிஜ வயிறு வந்தது இதுதான் முதல் தடவை. வாசலை ஒட்டிய முதல் கட்டிலை மாரிக்குக் கொடுத்து, அதிகாரி உள்ளே நுழையும்போது எப்படி முனக வேண்டும் என்று ராஜாம்பாளே முனகிக் காட்டினார். "சத்தம் கம்மியா இருக்கணும். கௌரவமா இருக்கணும். விரிப்பைக் கையால கசக்கக் கூடாது." மாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு முனகினாள். ஒத்திகை திருப்திகரமாக முடிந்தது.

அன்று சாயங்காலம் சாலை மறியல் தொடங்கியது. உளுந்தூர்பேட்டையிலிருந்து இந்தப் பக்கம் வரும் சாலைகளில் புளிய மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். சேலம் பக்கமும் அதே கதை. பஸ் நின்றது, லாரி நின்றது, மாட்டுவண்டிகூட ஊருக்குள்ளேயே முடங்கியது. சேலத்து டாக்டர் வரவில்லை. மலையேற வழியில்லாமல் நோயாளிகளும் பள்ளியிலேயே தங்கினார்கள். விழாவைத் தள்ளி வைக்கலாமா என்று சிவசங்கர் கேட்டதற்குத் தாளாளர், "மரம் விழுந்ததற்காக விளக்கு அணையலாமா?" என்றார். இந்த வாக்கியம் அவருக்கே மிகவும் பிடித்துப் போய், விழாவில் நான்கு முறை சொன்னார்.

விழா நாள் காலையில் வார்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த அகலக் கதவைத் திறந்து வைத்தார்கள். வரிசை அந்த வாசலிலிருந்து புறப்பட வேண்டும். காசியம்மாள் பித்தளை விளக்கோடு முன்னால், அகலோடு சுபலட்சுமி அவளுக்குப் பின்னால், அதற்குப் பின்னால் கண்ணகியும் மற்றவர்களும். நடந்து வர முடிந்த உள்ளூர்க்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் சிறப்பு விருந்தினர் நாற்காலி காலியாக இருந்தது. அவர் வரும்வரை வரவேற்புரை நடக்கட்டும் என்று தாளாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இன்று வெளியே பங்கு கேட்கிறார்கள்! எங்கள் நிறுவனத்தில் பங்கு கிடையாது. தகுதி ஒன்றே அளவுகோல்! இதை நிறுவியவர் என் தந்தை. அவருக்குப் பிறகு தாளாளராகும் தகுதி யாருக்கு இருக்கிறது என்று நாடெங்கும் தேடினோம். எனக்கு இருந்தது. செயலாளர் பதவிக்குத் தகுதியான ஒருவர் எங்கள் வீட்டிலேயே கிடைத்தார். இப்போது அவருக்கு ஒரு மகன் பிறந்திருக்கிறான். அவனிடமும் நான் தகுதியைக் காண்கிறேன்!"

கூடம் கைதட்டியது. காசியம்மாளின் கை மரத்துப் போயிருந்தது, ஆனால் மனம் மிதந்துகொண்டிருந்தது. முதல் வரிசையில் அவள் அப்பா வந்து உட்கார்ந்திருக்க வேண்டியது. மறியலில் வர முடியவில்லை. போகட்டும், படம் இருக்கிறது. பின்னால் நிற்கிறவளின் கண் தன் முதுகில் குத்துகிறதா என்று அவ்வப்போது தோளைச் சிலிர்த்துப் பார்த்தாள். குத்துவதாகத் தெரியவில்லை.

"பாப்பா" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து மாரி கூப்பிட்டாள். "பாப்பா, நெஜமாவே வலி எடுத்துக்கிச்சி. யாரனா வரச் சொல்லு."

காசியம்மாள் திரும்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினாள். மாரியின் முகத்தில் வேர்வை. கட்டிலுக்கு அடியில், மாணவிகள் தேங்காய் நார் போட்டுத் தேய்த்த தரையில், தண்ணீர் ஓடி வந்துகொண்டிருந்தது. பனிக்குடம் உடைவது என்ற பாடத்தைக் காசியம்மாள் மனப்பாடமாகச் சொல்வாள். அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பார்க்கிறாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் வரிசை கலையும். மாரியைப் பிடிக்க வேண்டுமென்றால் விளக்கைக் கீழே வைக்க வேண்டும். வைத்தால் அடுத்து நிற்பவளுக்கு.

"கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று உதடு அசையாமல் சொன்னாள். "இதோ வந்துடுவாரு."

மாரி பொறுத்துக்கொள்ளவில்லை. கத்தினாள். தாளாளர் பேச்சை நிறுத்திப் புன்னகையோடு வார்டுப் பக்கம் கையை நீட்டினார். "கேட்டீர்களா? எங்கள் பிரசவ வார்டு இந்தப் போராட்ட நாளிலும் எவ்வளவு உயிர்த்துடிப்போடு இயங்குகிறது!" கூடம் மறுபடி கைதட்டியது. ராஜாம்பாள் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"மாரி, ஒத்திகையில இப்படிக் கத்தலையே. கம்மி பண்ணு. அவர் இன்னும் வரவே இல்ல, இப்பவே எல்லாத்தையும் காட்டிட்டா அப்புறம் என்ன செய்வ?"

வெள்ளையன் போர்வையை உதறிவிட்டு எழுந்தார். "யம்மா, அது வேஷம் கட்டல. கொழந்த வருது."

"டைபாய்டு நோயாளி எழுந்திருக்கக் கூடாது! படு!"

மூன்று வருஷப் பழக்கம். வெள்ளையன் ஒரு கணம் படுத்தேவிட்டார். அப்புறம்தான் நினைவு வந்து மறுபடி எழுந்து, "டைபாய்டு தீந்து போச்சு" என்று சொல்லி மனைவி பக்கம் ஓடினார்.

அப்போது காசியம்மாளின் பக்கவாட்டில் காற்று அசைந்தது. சுபலட்சுமி அகலை ஊதி அணைத்து, ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, வரிசையை விட்டு வெளியே போனாள். ராஜாம்பாள் அவள் தோளைப் பிடித்தார். "புடவை! புடவையைப் பாரு!" சுபலட்சுமி அந்தக் கையை எடுத்து விட்டாள். அந்தப் பெண் ஒரு பிரசவத்தையும் கண்டவள் இல்லை, அங்கே யாருமே கண்டவர்கள் இல்லை.

"கண்ணகி, புக்கை எடுத்தாடி. பிரசவப் பாடம். சத்தமாப் படி."

கண்ணகி அகலை வைத்துவிட்டு ஓடினாள். அவளைப் பார்த்து அடுத்தவள் ஓடினாள். வெந்நீர் வைக்க இரண்டு பேர், துணி கொண்டுவர இரண்டு பேர். மொத்த வரிசையும் கரைந்து போயிற்று. அலமாரிச் சாவி கேட்டு ஒருத்தி மேடைக்கே போனாள். தாளாளர் பேச்சை நிறுத்தாமலே தலையாட்டி மறுத்தார். அவள் கூடத்து ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் அலமாரிக் கண்ணாடியை உடைத்தாள்.

காசியம்மாள் வாசலில் நின்றாள். ஒரு காதில் "தகுதி", ஒரு காதில் கண்ணகியின் குரல். "தலை தெரிந்ததும் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும், அவசரப்பட்டு இழுக்கக் கூடாது... சுபா, இன்னாடி இது, அடுத்த பக்கத்துல காதுல சீழ்னு இருக்குது!" "ரெண்டு பக்கமாப் பொரட்டிட்டடி. முந்தின பக்கத்துக்குப் போ!" மாரியின் சத்தம், வெள்ளையனின் சத்தம், அப்புறம் எல்லாரையும் அதட்டும் சுபலட்சுமியின் சத்தம். அவள் இங்கிலீஷ் எங்கே போயிற்றோ. சின்னசேலத்துச் சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் மாதிரிக் கத்தினாள்.

போய்விடலாமா என்று காசியம்மாள் நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள். காலைக்கூட எடுத்தாள். அவ்வளவு பேர் சுற்றி நிற்கிறார்கள், இப்போது போனால், சுபலட்சுமிக்குத் துணி எடுத்துக் கொடுக்கிற பத்தாவது ஆளாகத்தான் நிற்க முடியும். எடுத்த காலை அதே இடத்தில் வைத்தாள்.

குழந்தை அழுதது. தாளாளர் நான்காவது முறையாக மரம் விழுந்ததற்காக விளக்கு அணையலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உளுந்தூர்பேட்டையிலிருந்தே அதிகாரி காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார் என்று ட்ரங்க் காலில் தகவல் வந்தது. அதனால் நிகழ்ச்சி கெடவில்லை. சிறப்பு விருந்தினர் நாற்காலிக்கே தாளாளர் பொன்னாடை போர்த்தினார். ராஜாம்பாள் அதற்குச் சந்தன மாலை போட்டார். காசியம்மாள் தனியாக நடந்து வந்து விளக்கை நாற்காலியில் ஒப்படைத்தாள். போட்டோக்காரர் படம் எடுத்தார். உறுதிமொழியை அவள் ஒருத்தியே வாசித்தாள். நோயுற்றவர் துயர் துடைப்பேன் என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று ராஜாம்பாள் பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார்.

விழா முடிந்ததும் காசியம்மாள் வார்டுக்கு ஓடினாள். கட்டிலைச் சுற்றிக் கூட்டம். சுபலட்சுமியின் வெள்ளைப் புடவை மார்பிலிருந்து முழங்கால்வரை ரத்தம். தொப்பி எங்கேயோ விழுந்து, முடி முகத்தில் ஒட்டியிருந்தது. அவள் அவ்வளவு அலங்கோலமாக இருந்து காசியம்மாள் பார்த்ததே இல்லை. அவ்வளவு பொறாமையாகவும் இருந்ததில்லை. அந்தக் கறையில் ஒரு கையகலமாவது தன் புடவையில் இருக்கக் கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"நான் கொஞ்ச நேரம் தூக்கட்டுமா?" என்று கையை நீட்டினாள்.

மாரி குழந்தையை ஒட்டி அணைத்துக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை. களைத்துப் போன, சாதாரணமான குரல்.

"நீ வெளக்கப் புடிச்சிக்கினு இரு பாப்பா. கொழந்தைய அது புடிச்சிக்கும்" என்று சொல்லிச் சுபலட்சுமி பக்கம் நகர்த்தினாள்.

மறுநாள் காலை வழிபாட்டில் ராஜாம்பாள் இரண்டு அறிவிப்புகள் செய்தார். சீருடையைக் கறைப்படுத்தியது, வரிசையைக் கலைத்தது, அனுமதியில்லாமல் நிஜ நோயாளியைத் தொட்டது ஆகிய குற்றங்களுக்காகச் சுபலட்சுமி ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். அத்தனை குழப்பத்திலும் அசையாமல் நின்று, ஒரு பொட்டுக் கறையும் படாத புடவையோடு கடமையை முடித்த காசியம்மாள்தான் இந்த ஆண்டின் சிறந்த செவிலி. தாளாளர் பதக்கத்தைக் குத்திவிட்டார். சிவசங்கரும் ராஜாம்பாளும் கைதட்டினார்கள்.

பதக்கம் வெயிலில் பளபளத்தது. காசியம்மாள் நெஞ்சை நிமிர்த்தித் திரும்பினாள், யார் வயிறெரிகிறார்கள் என்று பார்க்க. முற்றம் காலியாக இருந்தது. எல்லாரும் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தார்கள்.